உங்கள் இருவருக்கும் நடுவே எனக்கு எதற்குத் தபால்காரி வேலை?

மாநிலப் போக்குவரத்து ஆணையர்கள் அனைவருக்கும், அவர்களில் முக்கியமாகச் சென்னையிலும் பெங்களூரிலும் அந்த நாற்காலியில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் இரண்டு அலுமினியத் தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. கே.ஏ. என்று தொடங்கும் எண், மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழே லேசரில் பொறித்த பொடி இலக்கங்கள். 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் என்று கர்நாடகம் அறிவித்தபோது மாட்டியவை. கெடுவை நீட்டுவார்கள், பொறு என்று எல்லோரும் சொன்னார்கள். நீட்டவும் செய்தார்கள். நான்தான் பயந்துகொண்டு 2024 தொடக்கத்திலேயே பணம் கட்டி, நாள் குறித்து, வெயிலில் நின்று மாட்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் முழுதாக ஓடவில்லை, கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஒருமுறை பூட்டினால் திரும்பக் கழற்றி மாட்ட முடியாத பூட்டு அது. மெக்கானிக் உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தார்.

கார் அதே கார்தான். எஞ்சின் மாறவில்லை, நிறம் மாறவில்லை, ஓட்டுகிறவளும் மாறவில்லை. பெங்களூரிலிருந்து கோவைக்கு வீடு மாறினேன், அவ்வளவுதான். அந்த ஒரு காரியத்துக்காகச் சில மாதங்கள் உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவே நான் செய்த வேலையைப் பற்றித்தான் இந்த மடல். தனித்தனியாக எழுதினால் மற்றவரைக் கேளுங்கள் என்று பதில் வரும். உங்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2011-ல் வேலைக்காகப் பெங்களூர் போனேன். 2018-ல் அங்கே ஒரு சின்னக் கார் வாங்கினேன், விலை ஆறு லட்சம். 2024 ஜூனில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் ஊர் திரும்பிவிட்டேன். இனிமேல் பெங்களூர் விருந்தாளியாகப் போகிற ஊர்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குப் புகாரே இல்லை. எந்த மாநிலத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமமும் நாடு முழுக்கச் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. நம்பர் மாற்றத் தேவையில்லை, முகவரி மாற்றினால் போதும். சாரதி தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தேன், ஓ.டி.பி. வந்தது, கட்டணம் கட்டினேன், கொஞ்ச நாளில் புது அட்டை தபாலில் வீட்டுக்கு வந்தது. என் கணவருக்கு மட்டும் ஒரு சின்ன இழுபறி. அவருடையது லேமினேட் செய்த பழைய காலத்து அட்டை. கணினியில் ஏறாமலே இருந்திருக்கிறது. முதலில் எடுத்த ஆபீசுக்குப் போய் பேக்லாக் என்ட்ரி போட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. அதுவும் ஒரே நாள் வேலை. இந்தச் சுகத்தைக் கண்டுவிட்டுத்தான் வண்டியும் இப்படித்தான் இருக்கும் என்று ஏமாந்தேன்.

ஆர்.சி.யின், அதாவது பதிவுச் சான்றின், கதை வேறு. சட்டத்தின் 46-வது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இந்தியாவில் வேறெங்கும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை என்கிறது. படித்து முடித்து மூச்சு விடுவதற்குள் 47-வது பிரிவு வந்துவிடுகிறது. வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் புது எண் வாங்கவேண்டும். பன்னிரண்டு மாதம் ஆகவில்லை என்று நிரூபிக்க வேண்டியது யார் என்று கேட்காதீர்கள். அவிநாசி சாலையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னவர் கேட்டது என்னைத்தான். நல்லவேளையாகக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பிடித்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்தேன்.

கெடு நெருங்கியபோது வேலையைத் தொடங்கினேன். முதலில் பழைய மாநிலத்தில் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்கவேண்டும். அதற்குப் படிவம் 28. அதோடு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாள அட்டை, கடன் முடிந்துவிட்டதாக வங்கி கொடுத்த கடிதம், போக்குவரத்து அபராதம் ஏதும் பாக்கியில்லை என்ற உறுதி. அபராத பாக்கி ஒன்று இருந்தது. 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று கர்நாடகம் சலுகை கொடுத்தபோது அதைக் கவனிக்காமல் விட்டவள் நான். அது என் தப்பு, முழுசாகக் கட்டினேன்.

இவற்றோடு ஒரு பென்சில் பிரிண்ட்.

ஆணையர்களே, நீங்கள் கடைசியாகப் பென்சில் பிரிண்ட் எடுத்தது எப்போது? எடுத்தே இருக்கமாட்டீர்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொறித்திருக்கும் 17 எழுத்துகளின் மேல் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக் கரி படியத் தேய்க்கவேண்டும். அதன் மேல் செல்லோடேப்பை ஒட்டி, குமிழ் விழாமல் நகத்தால் நீவி, ஒரே இழுப்பில் உரித்து, படிவத்தில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒட்டவேண்டும். சின்ன வயதில் நாலணாக் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். என் காரில் அந்த எண் முன் இருக்கைக்குக் கீழே, தரைவிரிப்பை விலக்கினால் தெரிகிற ஒரு சின்னச் சதுரத்தில் இருக்கிறது. முதல் டேப்பில் எட்டு எழுத்து மட்டும் வந்தது. இரண்டாவதில் எல்லாம் வந்தன, ஒட்டும்போது கோணலாகிவிட்டது. மூன்றாவதை எடுத்தவர் நான் அல்ல, மெக்கானிக் கடைப் பையன். அவன் எச்சிலைத் தொட்டு ஏதோ செய்தான், அச்சு அடித்த மாதிரி வந்தது. படிவத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் ஒன்று வேண்டும் என்றதும் அவனே ஒரு டீ சொல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தான்.

அந்த 17 எழுத்தும் வாகன் என்ற உங்கள் வாகனப் பதிவுத் தளத்தில் இருக்கின்றன. என் இன்சூரன்ஸ் தாளில், என் கைப்பேசியில், எம்-பரிவாகன் செயலியில் இருக்கின்றன. திருட்டு வண்டியில் எண்ணைத் தேய்த்து மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் இது என்று எனக்கும் தெரியும். நியாயமான பயம்தான். ஆனால் புது மாநிலத்தில் வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்தினால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்துச் சொல்லப்போகிறார். என் விஷயத்தில் அவர் செல்போன் டார்ச்சை அடித்து, குனிந்து, உதட்டுக்குள் எழுத்தெழுத்தாகப் படித்து நிமிர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கார் நிஜமாகவே அவர் முன்னால் நிற்கும்போது, அதன் நிழலை டேப்பில் பிடித்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி அனுப்பியது எதற்கு?

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டேன். 2021 மார்ச்சில் மத்திய அரசு ஆதார் வழியே அலுவலகம் போகாமல் முடிக்கலாம் என்று பதினெட்டு சேவைகளை அறிவித்ததே, அதில் என்.ஓ.சி.யும் உண்டு. அந்த நம்பிக்கையில் இருந்தேன். பிறகு, தாள்களை நேரில் கொண்டுவந்தால்தான் நகரும் என்று தெரிந்தது. ரயில் ஏறினேன். பெங்களூரில் எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு என் காகிதங்களைப் பார்த்த ஒரு குமாஸ்தா அம்மாவும் அவர்களில் ஒருவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆர்.சி.யில் இன்ஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா? நமக்கு இன்ஷியல் என்றால் அப்பா. அவர் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அப்பாதான். அதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு "நாளெ பன்னி" என்றார். நாளைக்கு வாங்க என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். பெங்களூர் போன முதல் வருஷம் இந்த வார்த்தையைக் கேட்டு நான் ஒரு கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.

மறுநாள் போனேன். கொடுத்தேன். ஊர் திரும்பினேன். முப்பது நாள் ஓடியது.

இங்கேதான் ஒரு விஷயத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 48-வது பிரிவு இப்படிச் சொல்கிறது: விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் என்.ஓ.சி. கொடுக்கவேண்டும், இல்லையென்றால் மறுப்பைத் தெரிவிக்கவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கொடுத்துவிட்டதாகவே கருதப்படும். எவ்வளவு அழகான வாசகம்! குடிமகனை நம்பி எழுதிய சட்டம் நம் நாட்டில் அபூர்வம், இது அதில் ஒன்று. அந்தப் பிரிவை ஜெராக்ஸ் எடுத்து, விண்ணப்ப ரசீதின் தேதியை வட்டம் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்தாம் நாள் கோவையில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி முழுசாகப் படித்தார். பலர் படிக்கவே மாட்டார்கள், அவர் படித்தார். படித்துவிட்டு, "சட்டம் சரிதாங்க அம்மா. ஆனா சிஸ்டத்துல என்.ஓ.சி. நம்பரைப் போடாம அடுத்த பக்கமே போகாதுங்களே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். திரையைத் திருப்பிக் காட்டவும் செய்தார். சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு கட்டம், காலியாக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டம் கருதிக்கொள் என்கிறது. கணினிக்குக் கருதத் தெரியவில்லை. நாடாளுமன்றம் எனக்குக் கொடுத்த உரிமையை ஒரு படிவத்தை வடிவமைத்தவர் எடுத்துக்கொண்டுவிட்டார், அதுவும் தெரியாமலே. முப்பது நாள் தாண்டியதும் அந்தக் கட்டத்தில் ஒரு எண் தானாக வந்து உட்கார என்ன தடை?

ஐம்பத்து மூன்றாம் நாள் என்.ஓ.சி. வந்தது. அச்செடுத்துக்கொண்டு மறுபடி அதே அதிகாரி முன்னால் நின்றேன். அவர் என் தாளை வாங்கினார், எண்ணைத் தட்டினார், திரையில் முழு விவரமும் விரிந்தது. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், கட்டிய வரி, வங்கிக் கடன் நீங்கிய தேதி, என் அப்பாவின் இன்ஷியல் உட்பட. திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். தாள் சரியா என்று திரையைப் பார்த்தாரா, திரை சரியா என்று தாளைப் பார்த்தாரா, தெரியவில்லை. எதுவானாலும், எனக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. நான் கொண்டுவந்தது அதன் நகல்.

இரண்டு மாநிலமும் ஒரே வாகன் தளத்தில்தான் வேலை செய்கின்றன. பெங்களூரில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் கோவையில் ஒருவர் பார்க்கமுடியும். நடுவே தாள் சுமக்க ஒருத்தி வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று தேடினேன். என்.ஓ.சி.யை இணைக்கச் சொல்கிறது, ஆனால் நேர்மாறாகவும் ஒரு வரி இருக்கிறது. அதே 47-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, புது எண் கொடுக்கும் அலுவலகமே பழைய அலுவலகத்தோடு தொடர்பு கொண்டு பதிவேட்டை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. இது 1988-ல் எழுதிய சட்டம். அப்போது அலுவலகங்களுக்கிடையே இருந்தவை தபால், தந்தி, தொலைபேசி போன்றவைதான். அந்தக் காலத்திலேயே நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இன்று ஒரே கணினியை இருவரும் பார்க்கிறீர்கள், பேச்சு வார்த்தை மட்டும் என் கைப்பையில் வந்துபோகிறது.

வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த புரோக்கர் ஒருவர் மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏனுங்க அம்மணி, லீவு போட்டு இப்படி அலையறதுக்கு எங்ககிட்டக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்காதுங்களா?" எவ்வளவு ஆகும் என்றேன். பன்னிரண்டாயிரம் என்றார். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புது எண்ணுக்கு அரசு வாங்கும் கட்டணம் சில நூறு ரூபாய். மீதி முழுக்க அலைச்சலின் விலை. அந்த விலையை நிர்ணயிப்பவர் அவர் இல்லை, நீங்கள்தான். அலைச்சலைக் குறைத்தால் அவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

இனி வரிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் கால்வலி. இது பணவலி.

2018-ல் கர்நாடகம் என்னிடம் வாழ்நாள் வரி வாங்கியது. ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 14 சதவீதம், அதற்கு மேல் செஸ். எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் கட்டினேன். பெயரே வாழ்நாள் வரி. கோவைக்கு வந்ததும், வாங்கியபோது கொடுத்த பில்லைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த விலையையும் வண்டியின் வயதையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஐம்பதாயிரத்தை ஒட்டி ஒரு தொகையைக் கட்டச் சொன்னார்கள். இதுவும் வாழ்நாள் வரி. ஒரு வண்டிக்கு எத்தனை வாழ்நாள்?

மீதமுள்ள வருஷங்களுக்கான வரியைக் கர்நாடகம் திருப்பித் தரும், அதற்கு விதி இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருப்பிக் கேட்க வேண்டுமானால் புது மாநிலத்தில் பதிவு முடிந்த ஆர்.சி.யைக் காட்டவேண்டும். புது ஆர்.சி. வேண்டுமானால் இங்கே முழு வரியும் கட்டியிருக்கவேண்டும். ஆகவே முதலில் இரண்டு இடத்திலும் என் பணம் இருக்கவேண்டும், பிறகுதான் ஓரிடத்திலிருந்து வரும். எப்போது வரும் என்பதற்கு முப்பது நாள் கெடு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் பரவாயில்லை, எங்களிடம் அம்மாவின் ஆபரேஷன் போக மிச்சம் கொஞ்சம் இருந்தது. ஒரு தையல்காரர் பெங்களூரிலிருந்து திருப்பூருக்குக் குடும்பத்தோடு வருகிறார், கையில் இருப்பது தவணையில் வாங்கிய ஒரு ஸ்கூட்டர் என்றால், அவர் என்ன செய்வார்? என்னிடமும் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெங்களூரிலேயே வந்த விலைக்கு விற்றுவிட்டேன்.

வாகன வரி மாநிலங்களின் உரிமை என்பது எனக்குத் தெரியும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-வது இனம். அதைப் பிடுங்கி தில்லியிடம் கொடுங்கள் என்று எழுத நான் வரவில்லை. ஆனால் பொதுப்பட்டியலின் 35-வது இனத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனங்களுக்கு எந்தக் கொள்கைப்படி வரி விதிப்பது என்பது அங்கே இருக்கிறது. எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எப்படி என்பதில் எல்லோரும் கூடி ஒரு முறை வையுங்கள் என்பதற்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லமுடியாதபடி நீங்களே ஒரு வேலையைச் செய்திருக்கிறீர்கள். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடக்கிறது. கர்நாடகத்து வியாபாரி தமிழ்நாட்டு வியாபாரிக்குச் சரக்கு அனுப்பினால், யாருக்கு எவ்வளவு வரி சேரவேண்டும் என்பதை அரசுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. வாங்கியவர் பெங்களூர் போய் வரிசையில் நின்று, அந்த வரியைத் திருப்பிக் கொடுங்கள், கோவையில் கட்டவேண்டும் என்று கேட்பதில்லை. சரக்குக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, அதை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்குக் கிடைக்கக்கூடாதா? தொலைபேசி எண்ணைக்கூட 2015 ஜூலையிலிருந்து மாநிலம் தாண்டி எடுத்துக்கொண்டு வரமுடிகிறது. என் பெங்களூர் சிம் இன்னும் அதே எண்ணோடு இங்கே கூவிக்கொண்டிருக்கிறது.

பி.எச். என்ற பாரத் எண் வரிசை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த மாநிலம் போனாலும் எண் மாறாது, வரி இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம், விகிதம் 8, 10, 12 சதவீதம். இந்த மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன். 2018-ல் பல மாநிலங்களின் போக்குவரத்து அமைச்சர்கள் கூடிய குழு, நாடு முழுக்கச் சீரான வாகன வரிக்குப் பரிந்துரைத்த அதே எண்கள். அதாவது எல்லோருக்கும் என்று யோசித்ததை, கடைசியில் சிலருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனத்தார், பிறகு நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். என் நிறுவனத்துக்கு இருப்பது இரண்டே அலுவலகம், அதில் ஒன்று மாடிப்படிக்குக் கீழே. டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் மட்டும்தான் ஊர் மாறுகிறார்களா? வேலை போனவர்கள் மாறுகிறார்கள், கல்யாணமான பெண்கள் மாறுகிறார்கள், ரிடையர் ஆனவர்கள் மாறுகிறார்கள், அம்மாவுக்கு முட்டி போனவர்கள் மாறுகிறார்கள். இவர்களிடம் கொடுக்க எந்தப் பணிச் சான்றும் கிடையாது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. வரி குறைவு என்பதற்காகவே புதுச்சேரியில் ஒரு வாடகை முகவரியைக் காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்துகொண்டு, சென்னையிலும் கொச்சியிலும் ஓட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாகாலாந்து எண்ணை மாட்டிக்கொண்டு கோயம்பேட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு 2024-ல் தடுத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்த பஸ் நாகாலாந்து மண்ணை ஒருநாளாவது தொட்டிருக்குமா? மாநிலங்களுக்குக் கோபம் வருவது சரிதான். ஆனால் வரி ஏய்ப்பவர்களைத் தடுக்கப் போட்ட முள்வேலியில் அவர்கள் கிழிபடுவதில்லை. அவர்களுக்கு ஆள் இருக்கிறது, முகவரி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். ஒழுங்காகப் பன்னிரண்டு மாதத்துக்குள் தானாகவே வந்து நிற்கிறவளின் புடவைதான் மாட்டுகிறது. ஏய்க்கிறவர் உங்களிடம் என்.ஓ.சி. கேட்டு வருவாரா என்ன?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. நான் புது ஊரில் ஒரு அலுவலகத்துக்கு, ஒருமுறை, வண்டியோடு வருகிறேன். அங்கே விண்ணப்பிக்கிறேன். திருட்டு வழக்கு உண்டா, அபராதம் பாக்கியா, கடன் நிற்கிறதா என்பதையெல்லாம் அந்த அலுவலகமே பழைய அலுவலகத்தைத் திரை வழியாகக் கேட்டுக்கொள்ளட்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் கட்டம் தானாக நிரம்பட்டும், சட்டம் சொல்வது அதைத்தானே. பென்சிலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

வரியில் என் கோரிக்கை இன்னும் சின்னது. பழைய மாநிலம் எனக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை எவ்வளவு என்று அதன் விதிப்படியே கணக்கிட்டு, புது மாநிலத்துக்கு நேரே அனுப்பிவிடுங்கள். இங்கே கட்டவேண்டியது அதைவிட அதிகம் என்றால் வித்தியாசத்தை நான் கட்டுகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். குறைவு என்றால் மிச்சத்தைத் தாருங்கள். அந்தந்த மாநிலத்துக்குச் சேரவேண்டிய ஒரு பைசாகூட இதில் குறையப்போவதில்லை. இரண்டு கருவூலத்துக்கும் நடுவே நான் கொடுத்துக்கொண்டிருக்கும் வட்டியில்லாக் கடன் ஒன்றுதான் நிற்கும். உங்கள் அமைச்சர்கள் மத்திய அமைச்சரோடு கூடும் போக்குவரத்து வளர்ச்சி மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில் இதைச் சேருங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால், பக்கத்து வீட்டுக்காரர்களான நீங்கள் இருவர் மட்டுமாவது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஓசூர் எல்லையில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே தினமும் காலையில் கே.ஏ.வும் டி.என்.னும் பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு நிற்கிறதைப் பார்த்தால், முதலில் யாருக்கு இது தேவை என்று விளங்கும்.

புது எண் வந்து சில மாதம் ஆகிறது. இன்சூரன்சில் மாற்றிவிட்டேன். புகைச் சான்று புதிதாக எடுத்தேன். ஃபாஸ்டேக்கில் எண்ணை மாற்றுவதற்குள் வங்கியோடு பேசிப் பேசி அவர்கள் ஹோல்ட் மியூசிக் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அது வேறு மடல். அம்மா இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள். காரில் ஏறும்போது மட்டும், நம்ம ஊர் நம்பர் வந்துடுச்சா என்று இன்னும் ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

வரியைத் திருப்பிக் கேட்டுப் பெங்களூரில் கொடுத்த விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. கோப்பு மேசையில் இருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள், எந்த மேசை என்று சொல்லவில்லை. வருகிற ஆவணியில் ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமையும் தங்குவதாக இருக்கிறேன். பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன், புது ஆர்.சி.யின் நகல் இரண்டு, பழைய வரி ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு செல்லோடேப்போடு.

இப்படிக்கு,
முன்பு கே.ஏ., இப்போது டி.என். எண்ணில் ஓட்டும் ஒருத்தி,
கோவை